குளத்துக்காக மரம் வெட்டலாமா? எங்கள் ஊர்க் குளமும் தோப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். இந்தப் பக்கம் சிப்காட், எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி. இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள் குடியேறிக் குடியேறி ஊர் டவுனாகிவிட்டது. பழைய குளமும், அதன் மேல்கரையில் கன்னியம்மன் கோயில் தோப்பும் மட்டும் மிச்சம். குளத்துக்குள் பாதிக்கு மேல் வேலிகாத்தான் முள், அதாவது சீமைக் கருவேல். தோப்பில் பெரிய மரங்களுக்கு அடியில் அதே முள்ளும் சவுண்டலும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கின்றன. கோடையில் இவற்றை எடுக்கப் போகிறோம் என்று பலகை வைத்த நாள் முதல் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும், தமிழிலும் தெலுங்கிலும் எங்களைக் கேள்வி கேட்காதவர் இல்லை. கோபமாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள்.

வெயில் இப்படிக் கொளுத்துகிறது. இருக்கிற மரத்தையும் வெட்டலாமா?

நியாயமான கேள்வி. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்துப் போட்ட மரங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு மரம் வெட்டப் போகிறோம் என்று சொல்ல எங்களுக்கே நா எழவில்லை. ஆனால் குளத்தின் நடுவில் நிற்கிற வேலிகாத்தான் தண்ணீரின் இடத்தில் நிற்கிறது. மழைநீரோடு வரும் வண்டல் அதன் தூரில் தங்கி மேடாகிறது. மேட்டில் இன்னும் நாலு கன்று முளைக்கிறது. பிளாஸ்டிக் முள்ளில் மாட்டிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது குளம் நிறைவதற்கு முன்பே அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பொங்கிக் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். வாய்க்காலுக்குள் முளைத்திருந்த முள்ளில் குப்பை அடைத்துக்கொண்டதால் வந்த வினை அது. அவ்வளவு மழை பெய்தும் அடுத்த மே மாதம் குளத்தில் ஆடு மேய்ந்தது.

குளம் நிறைந்திருந்தால் ஊர் குளிரும், கிணறு ஊறும். தோப்பின் பெரிய மரங்கள் எதையும் நாங்கள் தொடவில்லை. நிழல் அங்கேதான் இருக்கிறது.

எது போகும், எது இருக்கும்?

சிவப்புப் பட்டை போட்டவை போகும். வெள்ளைப் பட்டை போட்டவை இருக்கும். பட்டையே இல்லாத மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, எங்களைக் கேட்க வேண்டும்.

போகிறவை: குளத்துக்குள்ளும் வரத்துக்காலிலும் இருக்கிற வேலிகாத்தான் எல்லாம், தோப்புக்குள் புகுந்த வேலிகாத்தான், சவுண்டல், உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு, பிறகு வடக்கு மூலையில் வரிசையாக நட்ட தைல மரங்கள். இருப்பவை: பனை, இலுப்பை, நாவல், புங்கம், வேம்பு, அரசு, கோயிலை ஒட்டிய உலக்கைப்பாலை, வீரை, காசான் புதர்கள் எல்லாம்.

தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை வேலிகாத்தானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை சமூகக் காடுகள் திட்டம் நடந்த 1980களில் ஏரிகளிலும் குளங்களிலும் நட்ட வகை. மஞ்சள் பந்து போலப் பூக்கும், காய் மணி கோத்த மாதிரி இருக்கும். வேலிகாத்தான் பூ நீளமான கதிர், காய் தட்டையான பயற்றங்காய் மாதிரி. நாட்டுக் கருவேலில் பறவைக்கு உதவும் பெரிய மரங்களை வைத்துக்கொண்டு, மதகை அடைத்து நிற்கும் சிலவற்றை மட்டும் எடுக்கிறோம்.

வேலிகாத்தான் காற்றில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி மழையை விரட்டும் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் பல வருஷமாகச் சுற்றும் செய்தி இது. கூடவே, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், அந்த மரம் கரியமில வாயுவைத்தான் கக்கும் என்றெல்லாம் வரும். இதற்கு ஆதாரமில்லை. மற்றப் பச்சை மரங்களைப் போல அதுவும் கரியமில வாயுவை எடுத்துத்தான் வளர்கிறது. அவரைக் குடும்பத்து மரம், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. அதன் விறகு நின்று எரியும். வெட்ட வேண்டும் என்பதற்காக அதன் மேல் இல்லாத பழியைப் போட எங்களுக்கு விருப்பமில்லை.

உண்மையில் அது செய்யும் கெடுதல் வேறு. வேர் மிக ஆழமாகப் போய், மற்றவை காய்ந்து நிற்கும் கோடையிலும் நிலத்தடி நீரை எடுத்துப் பச்சையாகவே நிற்கும். தூரில் நிழலும், உதிரும் இலையில் இருக்கும் வேதிப்பொருளும் சேர்ந்து புல்லையும் மற்ற விதைகளையும் முளைக்க விடாது. காய் இனிப்பு. ஆடும் மாடும் தின்று போடும் சாணத்தில் விதை சிதையாமல் வெளியே வந்து, ஈரம் பட்டதும் முளைக்கும். இப்படித்தான் நம் குளத்தில் கோரையும் அருகும் இருந்த இடமெல்லாம் முள்ளானது.

இதைக் காமராஜர் காலத்தில் விமானத்திலிருந்து தூவியதாகச் சொல்வார்களே?

மரம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் சொந்த ஊர். 1870களில் சென்னை மாகாண வனத்துறை விறகுக்காக விதையை வரவழைத்தது. அதை முதலில் நட்ட இடங்களில் ஒன்று கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம், இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிறது. தெலுங்கில் இதற்கு ‘சர்க்கார் தும்ம’ என்று பெயர். சர்க்கார் கொண்டுவந்த கருவேல் என்று அந்தப் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. நம் பக்கம் வேலிக்கு வைத்ததால் வேலிகாத்தான். நாட்டின் மற்ற இடங்களில் இன்னும் எத்தனையோ பெயர்கள்.

குளத்து முள்ளில்தானே கொக்கும் வக்காவும் அடைகின்றன? அவை எங்கே போகும்?

எங்களை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். முதலில் திட்டம் போட்டபோது குளத்தை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று இருந்தோம். ஒரு ஜனவரி காலையில் கரையில் நின்று எண்ணிப் பார்த்தபோது முள்ளின் உச்சியில் வக்கா, உண்ணிக்கொக்கு, சின்ன நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருந்தன. அன்றே திட்டத்தை மாற்றினோம்.

இப்போது செய்வது இது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தொடங்கும் கூடு கட்டும் காலம் முழுக்க ஒரு கிளையையும் தொட மாட்டோம். குஞ்சுகள் பறந்து, தண்ணீரும் வற்றிய பிறகு, ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூனுக்குள் முடிப்போம். அதிலும் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் எடுக்கப் போவதில்லை. கூடுகள் இருந்த தெற்குத் திட்டில் இருக்கும் முள் கடைசியாக, மூன்றாம் வருஷம்தான் போகும். அதற்குள் அங்கே நட்ட செங்கடம்பு கொஞ்சமாவது தலைதூக்கியிருக்க வேண்டும். அது வளரவில்லை என்றால் முள் இன்னொரு வருஷம் நிற்கும்.

செங்கடம்பு ஏன் என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூலூர்பேட்டை தாண்டி நேலபட்டுக்குப் போய்வர வேண்டும். நம் ஊரிலிருந்து பக்கம்தான். அங்கே ஏரித் தண்ணீருக்குள்ளேயே செங்கடம்பு மரங்கள் நிற்கின்றன. அதன்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டி, பழவேற்காட்டுக்குப் பறந்துபோய் மீன் பிடித்துக் குஞ்சுக்குக் கொண்டுவருகின்றன. வேடந்தாங்கலிலும் பறவைகளைத் தாங்குவது இந்த மரம்தான். மாதக்கணக்கில் தூர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் சாகாது. இரவில் பூத்து, விடிவதற்குள் சிவப்பு இழைகளாகத் தண்ணீர்மேல் உதிர்ந்து கிடக்கும். முள்ளைவிட அகலமான கிளை, கூடு சரியாமல் நிற்கும்.

முள்ளை எடுத்து நீர்ப்பரப்பு விரிந்தால் இப்போது இங்கே இல்லாத முக்குளிப்பானும் நாமக்கோழியும் வரும், இறங்க அவற்றுக்குத் திறந்த தண்ணீர் வேண்டும்.

போன முறையும் வெட்டினார்களே, ஒரே மழையில் திரும்ப வளர்ந்துவிட்டதே?

உண்மை. அன்று ஏலம் எடுத்தவர் விறகுக்கு ஆகும் தடியை மட்டும் தரைக்கு ஒரு முழம் மேலே வெட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் பத்துக் கிளை பொத்துக்கொண்டு வந்தது. அதே அவசரத்தில் கரையோரம் இருந்த நல்ல இலுப்பை ஒன்றும் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தும் தடுக்காமல் விட்டோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பட்டை போடும் முறையே அதனால் வந்தது.

வேலிகாத்தானின் முளைக்கும் மொட்டுகள் மண்ணுக்குள், வேரும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. அந்தக் கழுத்து மண்ணிலிருந்து வெளியே வரும்வரை வேலை முடியவில்லை. குளத்தின் படுகையில் ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கி, வேரைத் தலைகீழாகப் போட்டு வெயிலில் காயவிடுவோம். தோப்புக்குள் ஜேசிபி வராது. பெரிய மரங்களின் வேர்மேல் அந்த வண்டி ஏறினால் மண் இறுகி, அடுத்த சில வருஷங்களில் நல்ல மரம் நுனி காய ஆரம்பிக்கும். அங்கே கடப்பாரையும் மண்வெட்டியும் கைவாளும்தான். மெதுவாகத்தான் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கட்டையில் டீசல் ஊற்றச் சொல்கிறார்கள், களைக்கொல்லி தடவச் சொல்கிறார்கள். குளத்தில் அது வேண்டாம். மாடு குடிக்கும், பிள்ளைகள் இறங்கும், மீன் இருக்கும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. மண்ணில் கிடக்கும் விதைகள் வருஷக்கணக்கில் காத்திருந்து முளைக்கும். அக்டோபர் மழைக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது விரல் உயரக் கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதே கன்றைத் தைவரை விட்டால் மண்வெட்டி வேண்டும், அடுத்த தைவரை விட்டால் ஜேசிபி வேண்டும். வெட்டுகிற வாரத்துக்கு வரும் கூட்டத்தில் கால்வாசிப் பேராவது ஐந்து வருஷம் கார்த்திகை மாதத்தில் கன்று பிடுங்க வந்தால் போதும், குளம் பிழைத்துவிடும்.

கரைமேல் இருக்கிற முள்ளை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள்?

கரையில் அவசரப்பட்டால் குளமே உடையும். பெரிய மரத்தைத் தூரோடு பிடுங்கினால் கரையில் பள்ளம் விழும். அப்படியே பட்டுப்போக விட்டாலும் ஆபத்துதான். உள்ளே வேர் மக்கி, அது இருந்த இடமெல்லாம் குழாய் போலப் பொந்தாகும். குளம் நிறையும்போது அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்துக்கொண்டு வந்து, ஒரு ராத்திரியில் கரை உடையும்.

அதனால் கரையில் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறோம். கை கனத்துக்குக் குறைவானதைத் தோண்டி எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குகிறோம். தொடை கனமுள்ளதை ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வருஷத்துக்கு ஒரு பகுதி எடுத்து, குழியை அதேபோல மூடுகிறோம். அதைவிடப் பெரியதை இப்போதைக்குத் தொடவில்லை, காய் முற்றும் முன் பறித்துவிடுவதோடு சரி. பனைகள் எல்லாம் இருக்கும். பனையின் சல்லிவேர் கரையைக் கவ்விப் பிடிக்கும். அதுவும் போக, ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது.

கரையின் உள்சரிவில் இனி மரமே நடப்போவதில்லை. வெட்டிவேரும் அருகும் மட்டும்.

அனுமதி வாங்கினீர்களா? விற்ற பணம் யாருக்கு?

குளமும் அதில் இருக்கிற மரமும் அரசுடையவை. நாமாக ஒரு கிளையைக்கூட விற்க முடியாது. உள்ளாட்சி மூலமாகத்தான் எல்லாம் நடக்கிறது. தைல மரம், நாட்டுக் கருவேல் போன்றவற்றுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அது வரும்வரை அந்த மரங்கள் நிற்கும். ஏலத்தொகை அரசுக் கணக்குக்குப் போகும், எங்கள் கைக்கு ஒரு ரூபாயும் வராது.

அரசின் கொள்கையும் இதற்கு எதிராக இல்லை. 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்றச் சொன்னது, பிறகு அதே ஆண்டு தடையும் வந்தது, அந்தக் குழப்பம் பலருக்கு இன்னும் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. முன்னுரிமையோடு அகற்ற வேண்டியவை என்று அது சொல்லும் 23 தாவரங்களில் சீமைக் கருவேலும் உண்ணிச்செடியும் உண்டு. வெட்டுவதோடு நிறுத்தாமல் அந்த இடத்தைப் பழைய இயல்புக்கு மீட்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

ஆந்திராவில் தடா பக்கத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் ஊர்ச் செருவிலும் (ஏரியிலும்) இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள். உங்களுக்கு ஆந்திராவில் 2002-ல் வந்த வால்டா சட்டம். நீர், நிலம், மரம் மூன்றுக்கும் அதுதான். அங்குள்ள அதிகாரிகளிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

முள் வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிற இருளர் வீடுகளுக்கு என்ன வழி?

இதை அவர்களிடமே உட்கார்ந்து பேசினோம். பெரிய தடி ஏலத்துக்குப் போகிறது. சுள்ளியும் வேர்க்கட்டையும் அவர்களுக்கு இலவசம் என்று உள்ளாட்சி ஒப்புக்கொண்டிருக்கிறது. தோப்பில் கையால் செய்யும் வேலைக்குக் கூலி கொடுத்து அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். எந்தச் செடி எது என்று எங்களில் யாரையும்விட அவர்களுக்குத் தெரியும். காசானையும் உண்ணிச்செடியையும் தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டினார் ஒரு பாட்டி. எல்லா முள்ளும் தீர்ந்த பிறகு விறகுக்கு எங்கே போவது என்று அவர் கேட்டார். குளம் நிறைந்தால் மீன் பிடிக்கும் உரிமையில் அவர்களுக்கு முதல் இடம் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கோயில் தோப்பில் கத்தி வைத்தால் அம்மன் குற்றமாகாதா?

பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, பொங்கல் வைத்த பிறகுதான் பட்டையே போட்டோம். மஞ்சள் துணி கட்டிய மரம், குங்குமம் வைத்த மரம், அவற்றைச் சுற்றியுள்ள புதர் எதிலும் கை வைக்கவில்லை. அம்மனுக்கென்று விட்டது உலக்கைப்பாலையும் வீரையும் காசானும் நாவலும். இப்படிப்பட்ட காடு சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது. மழை குறைவான மண்ணிலும் வருஷம் முழுக்க இலை உதிராமல் நிற்கும் குட்டைக் காடு. இன்றைக்கு அதன் பெரிய மிச்சம் ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி மையத்தின் வேலிக்குள் இருக்கிறது. மற்ற இடங்களில் சாமி காப்பாற்றிய துண்டு துண்டுத் தோப்புகள்தான். நம்முடையது அதில் ஒன்று. அதன் அடியில் உண்ணிச்செடி மூடிவிட்டதால் வீரைக் கன்று ஒன்றுகூட மேலே வரவில்லை. கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கின்றன, பிள்ளைகள் இல்லை.

வெட்டிய இடத்தில் உடனே, கன்றுகளை நெருக்கி நடும் மியாவாக்கி காடு வைக்கலாமே? கன்று தருகிறோம்.

தர நினைத்ததற்கு நன்றி. குளக்கரையில் அவ்வளவு நெருக்கமாக மரம் வேண்டாம். தண்ணீருக்கும் தோப்புக்கும் நடுவில் புல்லும் கோரையும் இருக்கிற வெட்டவெளி வேண்டும். தவளையும் தட்டாம்பூச்சியும் நீர்ப்பறவையும் அங்கேதான் பிழைக்கும். பச்சையாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் போன தலைமுறை தைல மரம் வைத்தது.

கோனோகார்பஸ் என்கிற அயல்நாட்டு அழகு மரக் கன்று கொண்டுவராதீர்கள். குஜராத் 2023-லேயே அதை நடக் கூடாது என்று சொல்லிவிட்டது. பூவரசு, புங்கம், இலுப்பை, நீர்மருது, நாவல் கன்றுகள் இருந்தால் தாருங்கள். வீரை, காசான் போன்றவை நர்சரியில் கிடைப்பதில்லை. சுற்றுவட்டாரத் தோப்புகளில் பழம் பொறுக்கி நாங்களே முளைக்க வைக்கிறோம். மெதுவாக வளர்பவை. நடவு ஐப்பசி மழையில் தொடங்கும். இரண்டு கோடைக்காவது குடம் தூக்க ஆள் வேண்டும்.

குளத்தை நல்ல ஆழமாகத் தோண்டிவிட்டால் என்ன?

வேண்டாம். மேலே சேர்ந்த வண்டலை மட்டும் எடுத்தால் போதும். அதற்கும் வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் எடுத்துப் போகலாம். குளத்தின் அடியில் தண்ணீரைத் தாங்குவது களிமண் படுகை. அதை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் எவ்வளவு பெய்தாலும் நிற்காது. மேலும் நாம் கடலோரத்து ஆட்கள். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நீர் எடுத்ததில் உப்புநீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது எல்லோருக்கும் தெரியும். ஆழம் தோண்டினால் நமக்கும் அந்தப் பயம் உண்டு.

பாம்பு வெளியே வராதா? கொசு?

முள் எடுக்கும் வாரங்களில் பாம்பு நகரும். கரையோர வீடுகள் விறகு, செங்கல் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். அடிக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள், பிடிக்கத் தெரிந்தவர்கள் இருளர் தெருவில் இருக்கிறார்கள். கொசு, மீன் இல்லாத சாக்கடைத் தேக்கத்தில்தான் பெருகும். கீழத்தெருச் சாக்கடை குளத்தில் விழுவதை நிறுத்தாமல் எதைச் செய்தும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நடைபாதை, பென்ச், கலர் லைட் எல்லாம் வருமா?

மண் பாதை வரும். நான்கு கல் பெஞ்சு வரும். சுற்றிலும் சிமெண்டுச் சுவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், சரிவான மண்கரை இல்லாவிட்டால் கோரை முளைக்காது, தவறி விழுந்த ஆட்டுக்குட்டியும் ஏறி வர முடியாது. இரவில் வக்கா மேயும் குளத்துக்கு விளக்கு வேண்டாம். தெருப்பக்கம் மட்டும் இருக்கட்டும்.

நானும் வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகுப் பக்கம் வாருங்கள், ஒன்பதரைக்கு வெயில் ஏறுமுன் முடித்துவிடுவோம். செருப்போடு வராதீர்கள், தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். வேலிகாத்தான் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும், குத்தினால் நாள் கணக்கில் வீங்கி வலிக்கும். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, தண்ணீர். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், ஆனால் முள் பக்கம் விடாமல் காய் பொறுக்க விடுங்கள். முற்றிய காயை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டி எடுத்துவிட வேண்டும். ஆடு வருவதற்கு முன்.